உயரம் போடாத கவ்வாத்து

மரத்துக்கும் எங்கள் பின்சுவருக்கும் இடையே முப்பது அடி. மரத்தின் உயரம் எழுபத்தெட்டு அடி. இரண்டு எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டுக் குறிப்புப் புத்தகத்தை மூடினேன். கழித்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

அது ஒரு டர்பன்டைன் மரம், யூகலிப்டஸ் வகை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஏறும் மண்மேட்டில், தேயிலை தொடங்குவதற்குச் சற்று முன்னால், எங்கள் கூரையைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அது அப்படித்தான் நின்றது. அதன் அடியில் ஒரு கம்பியைச் சுற்றி, மறுமுனையைக் கூரை வளையில் கட்டி நாங்கள் துணி காயப்போட்டோம். சாய்ந்த மரம் என்பது எங்களுக்கு ஓர் அடையாளமாக மட்டுமே இருந்தது. "சாஞ்ச மரத்து லயம்" என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஐப்பசி மழையின் முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி எடுக்கப் போனபோது மரத்தின் மேல்பக்கத்து வேருக்குப் பின்னால் மண் வெடித்திருப்பதைக் கண்டேன். சுண்டுவிரல் நுழையும் அகலம். பன்னிரண்டு அடி நீளம்.

நான் பதுளையில் கட்டட வரைபடம் வரையும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது இதுதான்: வெடிப்பைக் கண்டால் பயப்படுவதற்கு முன் அளந்துகொள். வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, முளையின் தலையில் ஆணி வைத்து, ஆணிக்கு ஆணி அளந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு மில்லிமீற்றர். அடுத்த ஞாயிறு இருநூற்றுப் பத்தொன்பது.

வேறு யாராக இருந்தாலும் மழை வலுத்தால் எழுந்து ஓடிவிடலாம். அப்பாவால் முடியாது. அதுதான் விஷயம்.

அப்பா இருபத்தாறு வருடம் கவ்வாத்துக் கூட்டத்தில் வேலை செய்தவர். தேயிலைச் செடி வயதேறி உயர்ந்ததும் அதை முழங்காலளவுக்கு வெட்டித் தள்ளுவதைத்தான் தோட்டத்தில் கவ்வாத்து என்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் ஓய்ந்துவிட்டன. பேச்சு குழறும், ஆனால் வாய் ஓயவில்லை. அவருடைய கட்டில் பின்னறையில், பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. முன்னறையில் அடுப்பும் கதவும் போக மீதியிருக்கும் இடத்தில் அந்தக் கட்டில் கொள்ளாது. நான் அளந்து பார்த்துவிட்டேன். மரம் விழுந்தால் அதன் நடுப்பாகம் அந்தக் கட்டிலின்மேல் விழும்.

ஆகவே ஒரு பட்டியல் போட்டேன். மரக்கதிரை ஒன்று. அதன் இரு பக்கமும் கட்ட இரண்டு மூங்கில் கழிகள். தூக்க நான்கு பேர். அவர்களில் இருவர் லயத்தின் அடுத்த வீட்டிலிருந்து, அதாவது அடுத்த காம்பராவிலிருந்து வர வேண்டும். போக வேண்டிய இடம், கீழே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மடுவம். அறுபத்து மூன்று படிகள். ஒரு சனிக்கிழமை பகலில் ஒத்திகை பார்த்தோம். கைத்தொலைபேசியில் நேரம் வைத்தேன்.

"சாமி தூக்குற மாதிரில்ல தூக்குறீங்க," என்றார் அப்பா, கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்தபடி. "மேளம் எங்கடி?"

"பேசாம வாங்கப்பா. பெலன்ஸ் போகுது."

"சூடமாச்சும் காட்டுங்க."

தூக்கியவர்கள் சிரித்ததில் இருபதாவது படியில் ஒருமுறை நிற்க வேண்டி வந்தது. பதினொரு நிமிடம். ஒரு மரம் விழ எத்தனை வினாடி ஆகும் என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

மரம் தோட்டத்துக்குச் சொந்தம். எனவே தோட்டக் காரியாலயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரிய கிளாக்கர் என் விண்ணப்பத்தை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் படித்தார். மரத்தின் உயரம், சாய்வு, சுவருக்கு உள்ள தூரம், வெடிப்பின் இரண்டு அளவுகள், ஒரு வரைபடம், நான்கு படங்கள்.

"இது என்னா தங்கச்சி, பாலம் கட்டப் போறீங்களா?"

"மரத்தை வெட்ட அனுமதி கேக்குறேங்க ஐயா."

"வெட்டுறதுன்னா துரைகிட்ட இல்ல. துரை கடிதம் குடுப்பார், அவ்வளவுதான். கிராம சேவகர் பாக்கணும். அப்புறம் டவுன்ல மரங்களுக்குப் பொறுப்பான ஆபீசர் வந்து பாக்கணும். பெரிய மரத்துக்கு மேல ஒரு கமிட்டி இருக்கு. கிளை வெட்டுறதுன்னு எழுதுங்களேன், சட்டுனு முடிஞ்சிரும்."

"கிளை வெட்டினா மரம் விழாதுங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விழும்," என்றார். பிறகு தோட்ட மேலாளரான துரையின் கடிதத்தை அன்றைக்கே தட்டச்சு செய்து கொடுத்தார். நல்ல மனிதர்.

கிராம சேவகரின் உறுதிப்படுத்தலுக்கு ஒன்பது நாள். அதிகாரி வந்து பார்க்க மேலும் ஒரு வாரம். என் பட்டியலில் ஒவ்வொன்றாகச் சரி போட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் முளைகளையும் அளந்தேன். இருநூற்று இருபத்தேழு. இருநூற்று முப்பத்து மூன்று. பின்னேரங்களில் இரண்டு மணி தாண்டினால் மழை. பதுளையில் வேலையிலிருந்தபடி மலைப்பக்கம் கறுப்பதைப் பார்ப்பேன். அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். வீட்டில் அப்பா மட்டும். அடுத்த காம்பராவில் யாராவது இருக்கிறார்களா என்று தொலைபேசியில் கேட்பேன். ஒருநாள் யாரும் எடுக்கவில்லை. நான் வரைந்துகொண்டிருந்த படிக்கட்டில் ஒரு படி குறைந்ததை அடுத்த நாள்தான் கண்டேன்.

அதிகாரி ஒரு வியாழக்கிழமை வந்தார். நடுத்தர வயதுச் சிங்களவர், முழங்கால் வரை சப்பாத்து. மரத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். வெடிப்பில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். என் முளைகளைக் கண்டதும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது யார் செய்தது நங்கி?" என்று கேட்டார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

"நான்தான் சேர்."

குறிப்புப் புத்தகத்தை வாங்கி எல்லா வரிகளையும் படித்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாக, நான் தவறவிடாதபடி சொன்னார்: மேட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த வேர்தான். மரத்தை அடியோடு வெட்டினால் வேர் செத்துவிடும். இரண்டு மூன்று வருடத்தில் வேர் மக்கி, மேடே இறங்கி வரும். இப்போது ஒரு காம்பராதான் அடிபடும். அப்போது முழு லயமும் போகும்.

அவர் சொன்னது தவறில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. தவறாகச் சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன்.

ஒரு வாரத்தில் கடிதம் தயாரென்று அழைப்பு வந்தது. பதுளையில் வாங்கி, பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். சிங்களத்தில் ஒரு பக்கம். அடியோடு வெட்டுவது பற்றிக் கமிட்டி பின்னர் தீர்மானிக்கும். அதுவரை மேற்படி மரத்தைக் 'கப்பாது' செய்ய அனுமதி வழங்கப்படுகிறது. கவ்வாத்துக்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல். நான் கேட்டது வெட்டுவதற்கு. கிடைத்தது நாலு கிளை கழிப்பதற்கு. பஸ் ஹாலிஎல ஊரை அடையும்வரை கடிதத்தை மடித்து மடித்து, கடைசியில் அது தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "என்னா சொன்னாங்க?"

"கவ்வாத்துக்குத்தான் குடுத்திருக்காங்க."

அம்மா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். பிறகு லயத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கக் கத்தினார். "குடுத்துட்டாங்களாம்! கவ்வாத்துக்குக் குடுத்துட்டாங்களாம்!"

"அம்மா, வெட்டறதுக்கு இல்லம்மா. கவ்வாத்துக்கு."

"அதாண்டி, கவ்வாத்து!"

"கிளைய மட்டும்."

"யாரு சொன்னா கிளைன்னு? கவ்வாத்துல எவன் கிளைய வெட்டுவான்?"

அடுத்த காம்பராக்காரர்கள் வந்துவிட்டார்கள். யாரோ சந்தோஷத்தில் தேத்தண்ணி வைக்கப் போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. படிக்காத சனங்கள், ஒரு சொல்லைக்கூடச் சரியாகப் புரிந்துகொள்வதில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே மறைக்கப் போவதில்லை.

இருட்டும் முன்பே கவ்வாத்துக் கங்காணி வந்தார். அப்பாவோடு பல வருடம் ஒரே வரிசையில் வெட்டியவர். தோட்டத்தில் மரங்களின் கிளை கழிப்பதும் அவருடைய ஆட்கள்தான். கத்தியைச் சாக்கில் சுற்றி அக்குளில் வைத்திருந்தார். கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். சிங்களம் அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"மருமகளே, எத்தனை அடி போட்டிருக்கு?"

"என்ன அடி மாமா?"

"கவ்வாத்துன்னா உயரம் போட்டுத்தானே குடுப்பாங்க? எங்களுக்கு வருசா வருசம் அப்படித்தான் வரும். இந்த மலைக்கு இத்தனை அங்குலம், அந்த மலைக்கு இத்தனை அங்குலம்னு. அதுக்கு மேல உள்ளதெல்லாம் கழிவு. இதுல எத்தனை?"

நான் கடிதத்தை விரித்து இன்னொரு முறை படித்தேன். மடித்த கோடுகளில் எழுத்துகள் உடைந்திருந்தன. உயரம் இல்லை. கிளை என்ற சொல்லும் இல்லை.

என் வாழ்நாள் முழுவதும் இந்த லயத்திலேயே இருந்தவள், கவ்வாத்து என்றால் என்ன என்பதைப் பதுளையில் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். எங்கள் அலுவலகத்தில் வேலியோரச் செடியைக் கழிப்பதற்கும் வீதியில் மின்கம்பியில் படும் கிளையை எடுப்பதற்கும் அந்தச் சொல்தான். அம்மாவுக்கு அந்தச் சொல், ஒரு செடியின் மேல்பாகம் முழுவதும் போய், வேரும் கட்டையும் உயிரோடு நிற்பது. வேர் உயிரோடு நிற்க வேண்டும் என்றுதானே அந்த அதிகாரியும் சொன்னார்?

"போடல மாமா," என்றேன்.

கங்காணி சிரித்தார். "போடலன்னா நம்ம போடுறதுதான் உயரம். நாளைக்கே மூணடி விட்டு இழுத்துருவோம்."

"கேட்டுட்டுச் செய்யலாம்."

"கேக்காத!" என்றார் அம்மா. "கேட்டா இல்லம்பாங்க. எழுத்துல இருக்கு, அது போதும்."

பின்னறையிலிருந்து அப்பா குழறினார். "விடுங்க. இஞ்சினியரம்மா கேட்டுட்டு வரட்டும். மரம் அதுவரைக்கும் காத்துக்கிட்டு நிக்கும், அதுக்கு வேறென்னா வேலை?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலை முளைகளுக்கு இடையே இருநூற்று நாற்பத்தொன்று.

வரைபடத்தில் ஓர் அளவு விடுபட்டிருந்தால் வரைபவர் தானாக நிரப்பக் கூடாது. கேட்க வேண்டும். இது எங்கள் தொழிலின் முதல் விதி. அதை நான் ஒருமுறையும் மீறியதில்லை. ஆனால் அந்த விதியை எழுதியவர்களில் யாருடைய அப்பாவும் அந்த அளவின் கீழே படுத்திருக்கவில்லை. பேசாமல் இருந்தால் நாளைக்கே மரம் போய்விடும். பின்னால் கேள்வி வந்தால் விண்ணப்பத்தில் இருப்பது என் கையெழுத்து. கங்காணியின் வேலையும் போகலாம். மூன்று அடிக்கு வெட்டி மரம் செத்தால் மேடு இறங்கும். கேட்டால், 'கிளை மட்டும்' என்று ஒரே வார்த்தையில் கதை முடிந்துவிடலாம். எல்லாவற்றையும் எழுதினேன். எழுதிய பிறகும் ஒன்றும் தெளிவாகவில்லை.

அடுத்த நாள் காலை எட்டரைக்கு, தொலைபேசி தெளிவாகக் கேட்கும் ரோட்டு வளைவில் நின்று அதிகாரியை அழைத்தேன். அம்மா பெரட்டுக்குப் போகாமல், வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த நேரத்தில், கூடையைத் தலையில் மாட்டியபடியே என் பக்கத்தில் நின்றார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டலாமா என்று நான் கேட்கவில்லை. "சேர், கவ்வாத்துக்கு அனுமதி கிடைச்சுது. உயரம் எழுதல. எத்தனை அடி விடணும்?" என்று கேட்டேன்.

லொறி ஒன்று எங்களைத் தாண்டி இரைந்தபடி ஏறியது.

"எத்தனை அடி விட்டால் உங்கள் சுவருக்கு எட்டாது?" என்று அதிகாரி கேட்டார்.

"சுவருக்கு முப்பது அடி. இருபது விட்டால் விழுந்தாலும் எட்டாது."

"இருபது அடியில் மரம் உயிரோடு இருக்குமா?"

"டர்பன்டைன் சேர். துளிர்க்கும்."

அவர் ஏதோ காகிதத்தைப் புரட்டுவது கேட்டது. "மேல் பாரம் குறைந்தால் வேருக்கும் இழுப்புக் குறையும்," என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "கடிதத்தைக் கொண்டு வாங்க நங்கி. வாயால் சொன்னதை வைத்து வெட்டாதீங்க."

"என்னாடி?" என்றார் அம்மா.

"இருபது அடி."

அம்மா கூடையை இறக்கி ரோட்டில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்குப் பதுளையில், அந்தத் தீப்பெட்டிக் கடிதத்தின் அடியில், 'தரையிலிருந்து 20 அடி' என்று அதிகாரி கைப்பட எழுதி முத்திரை வைத்தார். மடிப்புகளைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் இப்படிச் செய்தீங்க?" என்று கேட்டார். தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். உண்மையும் அதுதான்.

நான் திரும்பி வந்தபோது ஒரு மணி. மலைக்கு மேல் கறுத்துவிட்டது. மழை வந்தால் ஏற முடியாது. ஏறாவிட்டால் இன்னொரு நாள். கங்காணியின் ஆட்களில் மரமேறுபவர் ஏற்கெனவே இடுப்பில் கயிறு கட்டித் தயாராக நின்றார். மேட்டுக்கு மேலே இருந்த இரண்டு சவுக்கு மரங்களில் வடங்களைச் சுற்றியிருந்தார்கள். விழும் துண்டை மேல்பக்கமாக இழுப்பதற்கு. நான் டேப்பைப் பிடித்து இருபது அடியை அளந்து கொடுக்க, மரமேறுபவர் அந்த இடத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினார்.

அப்பாவைக் கதிரையில் தூக்கினோம். இந்த முறை அவர் மேளம் கேட்கவில்லை. ஒன்பது நிமிடம். மடுவத்துச் சன்னலோரம் வைத்தோம். அங்கிருந்து மரத்தின் உச்சி தெரியும்.

உச்சித் துண்டு சரியாக மேல்பக்கம் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது துண்டு வெட்டுப்படும்போது மேலிருந்து காற்று ஒன்று இறங்கியது. வடம் இழுபட்டுத் தளர்ந்து, துண்டு எங்கள் பக்கம் சுழன்றது. "விடாத! விடாத!" என்று கங்காணி கத்தினார். நானும் அம்மாவும் மற்ற நான்கு பேரும் வடத்தில் தொங்கினோம். என் சப்பாத்து ஈர மண்ணில் சறுக்கிக்கொண்டே போனது. மரமேறுபவர் தண்டைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடியிருந்தார். துண்டு நின்றது. ஆனால் அதிலிருந்த கிளை ஒன்று ஒடிந்து, கூரையின் பின்விளிம்பில் விழுந்தது. தகரம் நெளிந்த சத்தம் மடுவம் வரை கேட்டதாம்.

உள்ளே ஓடிப் பார்த்தேன். கட்டிலின்மேல் தூசியும் இரண்டு ஆணிகளும். வேறொன்றுமில்லை. ஆணிகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு மேட்டுக்கு ஏறி மீதி வடத்தைப் பிடித்தேன்.

சிவப்புத் துணிக்கு மேலே கடைசி வெட்டு முடிந்தபோது மழை முழுதாக இறங்கிவிட்டது. மரம் இருந்த இடத்தில் வானம் வெறுமையாக இருந்தது. கட்டை மட்டும் சாய்ந்தபடி நின்றது.

அப்பா திரும்பி வந்ததும் பின்கதவைத் திறக்கச் சொல்லி, மழைக்குள்ளேயே கட்டையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தட்டையா வெட்டிருக்கான்," என்றார். "கவ்வாத்துன்னா சரிச்சு வெட்டணும். தண்ணி நிக்கும்ல? அழுகிரும்."

"நீங்க ஏறிச் சரிச்சு விடுங்க மச்சான்," என்றார் கங்காணி, தலையைத் துவட்டிக்கொண்டே.

"ஏத்தி விடு. கதிரை இருக்கு."

மறுநாள் மழைக்கு முன்னால் மரமேறுபவர் மறுபடி ஏறி அந்த வெட்டைச் சரித்துவிட்டு இறங்கினார். நெளிந்த தகரத்துக்கு அடியில் ஒரு சட்டி வைத்தோம். கட்டிலை ஓரடி நகர்த்தினோம். அவ்வளவுதான் நகர்த்த இடம் இருந்தது.

மறுநாளிலிருந்து நான்கு நாள் மழை விடாமல் பெய்தது. முளைகளை ஒவ்வொரு காலையும் அளந்தேன். இருநூற்று நாற்பத்து மூன்று. இருநூற்று நாற்பத்து நான்கு. அதன் பிறகு இருநூற்று நாற்பத்து நான்கு. மீண்டும் அதே எண். அடுத்த இரண்டு வாரமும் அதே எண்.

துணிக் கம்பி கிளை விழுந்ததில் அறுந்து போயிருந்தது. ஒரு ஞாயிறு காலை அம்மா அப்பாவின் கதிரையிலிருந்து இரண்டு மூங்கில் கழிகளையும் அவிழ்த்தார். லயத்து முற்றத்தில் நட்டுக் கம்பி கட்டப் போவதாகச் சொன்னார்.

"அது வேணும்மா. மேடு இன்னும் இருக்கு."

"இன்னைக்கு எத்தனை?"

"இருநூத்தி நாப்பத்து நாலு."

"நேத்து?"

குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். பதினேழு வரிகளில் ஒரே எண். அம்மா காத்திருந்தார், கழிகளைத் தோளில் சாய்த்தபடி. பின்னறையிலிருந்து அப்பா, "எனக்கு இனிமே சாமி ஊர்வலம் இல்லையா?" என்று கேட்டார்.

நான் போய்க் குழி தோண்ட அலவாங்கை எடுத்து வந்தேன்.